வாசல் விளக்கும் வெளிச் சாக்கெட்டும்



நம் தோட்டத்து வீடுகளில் குசினிக் கதவைத் திறந்து பின்பக்கம் வந்தால் முதலில் கண்ணில் படுவது என்ன? கூரையின் ஓரத்தில் தொங்கும் ஒரு விளக்கு. அதன் கீழே ஒரு சிமெண்டுத் தரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கும் கல். பால்மரக் காட்டிலிருந்தோ செம்பனைக் காட்டிலிருந்தோ வேலை முடிந்து வரும் நம் தாய்மார்கள் சேறும் கறையும் படிந்த துணிகளைத் துவைத்து வந்த இடம் அது. இன்று அந்தக் கல்லின் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் நிற்கிறது. ஆனால் அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? குசினிக்குள்ளிருந்து சன்னல் வழியாக நீளும் ஒரு நீட்டிப்புக் கம்பியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பி ஈரத் தரையில் கிடக்கிறது. குழந்தைகள் அதைத் தாண்டித் தாண்டி ஓடுகிறார்கள்.

இதைப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. "தலைக்கு மேலேதான் விளக்கு இருக்கிறதே! அங்கே மின்சாரம் வந்துகொண்டுதானே இருக்கிறது? விளக்கைக் கழற்றிவிட்டு, அதே கம்பியில் ஒரு சாக்கெட்டைப் பொருத்திவிட்டால் என்ன?" திருப்புளி ஒன்று போதும், அரை மணி நேர வேலை, பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொஞ்சம் தெரியும். இப்படித்தான் அந்த வேலை தொடங்குகிறது.

இந்த அரை மணி நேர வேலையைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். வெளியே ஒரு சாக்கெட் வேண்டும் என்ற ஆசை தவறல்ல. சன்னல் வழியாகக் கம்பி இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் விளக்குக்குப் போட்ட கம்பி வேறு, வேலைக்குப் போட்ட கம்பி வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஒரு காலத்தில் தோட்டத்து லயன்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. பிறகு பல தோட்டங்களில் நிருவாகமே ஜெனரேட்டர் வைத்து, மாலையில் சில மணி நேரம் மின்சாரம் கொடுத்தது. இயந்திரம் நின்றால் லயன் முழுவதும் இருண்டுவிடும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு மின்சாரம் என்றால் விளக்கு என்றே பொருள். அறைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று விளக்குகளைக் கணக்கிட்டுத்தான் கம்பி இழுத்தார்கள். பின்னர் தேசிய மின்சார வாரியத்தின் கம்பிகள் வந்தன. 1990-ஆம் ஆண்டில் அந்த வாரியத்தின் பணிகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மின்சாரம் இருபத்து நான்கு மணி நேரமும் வந்தது, குளிர்ப்பெட்டி வந்தது, துவைக்கும் இயந்திரம் வந்தது. ஆனால் பல பழைய வீடுகளில் சுவருக்குள்ளும் பலகைக்குப் பின்னாலும் ஓடும் கம்பி மட்டும் பழையபடியே இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறியவர்களின் வீடுகளிலும் வாசல் விளக்கின் கம்பி விளக்குக்கென்று போட்டதுதான்.

விளக்குக் கம்பிக்கும் சாக்கெட் கம்பிக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கம்பியின் பருமன். விளக்குகளுக்குப் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போடுவார்கள். மின்பெட்டியில் அந்தக் கம்பிக்குக் காவலாக 6 அல்லது 10 ஆம்பியர் அளவுள்ள சிறு வெட்டுச் சுவிட்சு இருக்கும். சாக்கெட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கம்பி வரும்.

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 230 வோல்ட்டை 6 ஆம்பியரால் பெருக்கினால் 1,380 வாட் வரும். அந்த விளக்குக் கம்பி முழுவதும் தாங்க வேண்டிய சுமைக்கு இதுதான் எல்லை. 9 வாட் விளக்குகள் பத்து எரிந்தாலும் 90 வாட்தான், கவலையே இல்லை. ஆனால் தண்ணீர் கொதிக்கவைக்கும் ஒரு மின்கெண்டி மட்டுமே 2,000 வாட் கேட்கும். அது ஏறக்குறைய 9 ஆம்பியர். சாதாரணத் துவைக்கும் இயந்திரம் 400, 500 வாட்டோடு நின்றுவிடும். தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் வகையோ கெண்டியைப் போலவே 2,000 வாட் வரை இழுக்கும். "நாங்கள் துவைக்கும் இயந்திரத்தை மட்டும்தான் செருகுவோம்" என்று சொல்லலாம். சாக்கெட்டின் வாய் திறந்திருந்தால் அதில் எதுவும் நுழையும். இன்று துவைக்கும் இயந்திரம், நாளை கல்யாண வீட்டில் பெரிய சோற்றுப்பானை, மறுநாள் இஸ்திரிப் பெட்டி. இந்தச் சாக்கெட் விளக்குக் கம்பியில் தொங்குகிறது என்று அதன் முகத்தில் எழுதி ஒட்டவா முடியும்?

சுமை கூடினால் வெட்டுச் சுவிட்சு விழுந்துவிடும்; அந்தக் கம்பியில் உள்ள விளக்குகள் அணைந்துவிடும். அது தன் கடமையைச் செய்கிறது. ஆனால் நம்மில் சிலர் அதன்மீது கோபப்பட்டு, "இது அடிக்கடி விழுகிறது, பெரியதாக மாற்று" என்று 20 ஆம்பியர் சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். பழைய பியூஸ் உள்ள வீடுகளில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு சுமை எவ்வளவு ஏறினாலும் காவலுக்கு ஆளில்லை. மெல்லிய கம்பி சூடாகும். தளர்ந்த இணைப்புகள் இன்னும் அதிகமாகச் சூடாகும். மேலே உள்ள உறை இளகிக் கருகும். பலகை வீட்டில் அந்தக் கம்பி எங்கே ஓடுகிறது? காய்ந்த பலகையின் மேல்தான்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. அது மண்ணிணைப்பு. சாக்கெட்டுக்கு மூன்று கம்பிகள் வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவருவது ஒன்று. திரும்பக் கொண்டுபோவது ஒன்று. மூன்றாவது, பச்சை அல்லது பச்சை மஞ்சள் நிறத்தில் வரும் மண்ணிணைப்புக் கம்பி. அது வீட்டின் பக்கத்தில் நிலத்தில் அடித்திருக்கும் உலோகக் கம்பியோடு சேர்கிறது. பழைய வாசல் விளக்குகள் பலவற்றில் இந்த மூன்றாவது கம்பியே கிடையாது. பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் பல்புக்கு அது தேவைப்படவில்லை என்று இரண்டு கம்பியோடு விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் பெரிய ஏமாற்று இருக்கிறது. மண்ணிணைப்பு இல்லாத சாக்கெட்டில் மூன்று முனைப் பிளக்கைச் செருகினாலும் இயந்திரம் ஓடும், தண்ணீர் சுழலும், துணி வெளுக்கும். "பார்த்தீர்களா, வேலை செய்கிறதே!" என்று நாம் மகிழ்ந்துபோவோம். மண்ணிணைப்பு என்பது எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் தேவைப்படுவதன்று. ஒன்று கெட்டுப்போகும் நாளில் தேவைப்படுவது. இயந்திரம் அதிர்ந்து அதிர்ந்து உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து, அது தகரக் கூட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணிணைப்பு இருந்தால் மின்சாரம் அந்த வழியாக ஓடி, காவல் சாதனத்தைத் தட்டி நிறுத்திவிடும். இல்லாவிட்டால் கூடு முழுவதும் 230 வோல்ட்டோடு அமைதியாக நிற்கும். அது சத்தம் போடாது, புகையாது. யாராவது தொடும் வரை காத்திருக்கும்.

தொடுவது யார்? வெறுங்காலோடு ஈரச் சிமெண்டின்மேல் நின்று, ஈரக் கையோடு துணியை எடுக்கும் நம் வீட்டுப் பெண். நனைந்த உடல் மின்சாரத்தை எளிதில் விட்டுவிடும். அதன் தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அந்த உடலில் 230 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தும். ஒரு மில்லி ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரில் மூச்சுத் திணறலாம். அதற்கு மேலே போகப் போக இதயம் தன் தாளத்தை இழந்து துடிதுடித்து நின்றுவிடும் அபாயம் வளர்கிறது.

இப்போது மின்பெட்டியில் இருக்கும் 6 ஆம்பியர் சுவிட்சை நினைத்துப் பாருங்கள். 6 ஆம்பியர் என்றால் 6,000 மில்லி ஆம்பியர். உயிரைக் குடிக்க 230 போதும்; சுவிட்சு விழ 6,000-க்கு மேல் வேண்டும். ஆகவே அந்தப் பெண் துடித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சுவிட்சு ஒன்றும் நடக்காததுபோல் சும்மா இருக்கும். அது கம்பியைக் காக்க வந்த காவலாளி. மனிதரைக் காக்க வந்ததல்ல. நேயர்களே, இன்றைய பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மண்ணிணைப்புக் கம்பி இல்லையென்றால், சாக்கெட்டின் மண்ணிணைப்பு முனையையும் மின்சாரம் திரும்பிப் போகும் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. இது இல்லாததைவிடக் கேடானது. அந்தத் திரும்பும் கம்பி எங்காவது அறுந்தாலோ தளர்ந்தாலோ, இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லாமலே அதன் கூடு மின்சாரம் ஏறி நிற்கும். இப்படிச் செய்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மூன்றாவது வேறுபாடு, மனிதரைக் காக்கும் காவல். அந்தக் காவலுக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். மின்கசிவைக் கண்டு வெட்டும் சாதனம் என்று சொல்லலாம். அது எப்படி வேலை செய்கிறது? பால் நிறுக்கும் இடத்துத் தராசை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் வீட்டுக்குள் போகும் மின்சாரம். மறு தட்டில் திரும்பி வரும் மின்சாரம். போனது அத்தனையும் திரும்பினால் தட்டு சமமாக நிற்கும். கொஞ்சம் குறைந்தால், அது எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக ஒழுகலாம். உடனே அந்தச் சாதனம், கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும்.

எவ்வளவு ஒழுகினால் வெட்டும் என்பது அதன் முகத்தில் எழுதியிருக்கும். இன்று மாலை உங்கள் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். 0.03 என்றோ 30 மில்லி ஆம்பியர் என்றோ இருந்தால் அது மனிதரைக் காக்கக்கூடியது. 0.1 என்றோ 100 மில்லி ஆம்பியர் என்றோ இருந்தால் அது மின்கசிவால் தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும். ஈரத் தரையில் நிற்பவரின் உயிருக்கு அதை நம்பியிருக்க முடியாது. பல வீடுகளில் பொதுவாக இருப்பது இந்த 100 தான். வெளியே வைக்கும் சாக்கெட்டுக்கு 30 அல்லது அதற்கும் குறைந்த அளவுள்ள சாதனம் கட்டாயம் வேண்டும். நீர் தேங்கும் இடமானால் 10 மில்லி ஆம்பியர் சாதனம் வைப்பார்கள். இந்தச் சாதனமும் எல்லாவற்றையும் காக்கும் தெய்வமன்று. ஒருவர் வரும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒருசேரத் தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அது மண்ணிணைப்போடு சேர்ந்துதான் காவல் காக்கும். அதற்குப் பதிலாக அல்ல.

இவை போக இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. வாசல் விளக்குக்கு வரும் கம்பி வீட்டுக்குள் இருக்கும் சுவிட்சு வழியாக வருகிறது. அந்த இடத்தில் சாக்கெட் வைத்தால், உள்ளே யாராவது "விளக்கு வீணாக எரிகிறதே" என்று சுவிட்சைத் தட்டினால் வெளியே இயந்திரம் நின்றுவிடும். அதைவிட ஆபத்து, நின்றுவிட்டது என்று நாம் உள்ளே கைவிடும்போது மறுபடி யாராவது தட்டிவிடுவது.

சரி, அப்படியானால் வெளியே சாக்கெட் வைக்கும் சரியான வழி என்ன?

பல வீடுகளில் வழி சுவரின் மறுபக்கத்திலேயே இருக்கிறது. பின்புறச் சுவருக்கு உட்பக்கம், அதாவது குசினியில், ஏற்கெனவே ஒரு சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் நேர் பின்னால் சுவரைத் துளைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கிளை எடுத்து, வெளியே சாக்கெட் வைக்கலாம். கம்பிச் செலவு குறைவு. மூன்று கம்பியும் கிடைக்கும். ஆனால் அந்தச் சாக்கெட் வரும் கம்பி பழுதில்லாமல் இருக்கிறதா, ஏற்கெனவே வேறு கிளை எடுத்திருக்கிறார்களா, மண்ணிணைப்பு உண்மையிலேயே நிலம் வரை போகிறதா என்பதை அளவுகருவி வைத்துச் சோதிக்க வேண்டும். உள்ளே சாக்கெட் இல்லையென்றால், மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி வெட்டுச் சுவிட்சு, 30 மில்லி ஆம்பியர் காவலோடு இழுக்க வேண்டும். இரண்டு முறையிலும் விளக்கு தன் இடத்திலேயே இருக்கட்டும். இருட்டில் ஈரத்தில் நின்று பிளக்கைத் தேட வேண்டிய நிலை நமக்கு எதற்கு?

சாக்கெட் வைக்கும் இடமும் பெட்டியும் கவனிக்க வேண்டியவை. கூரை நிழலுக்குள், சாரல் அடிக்காத பக்கமாக, தரையில் தெறிக்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். குசினிக்குள் வைக்கும் சாதாரணச் சாக்கெட்டை வெளியே வைக்கக்கூடாது. மழை தாங்கும் பெட்டி என்று தனியாக விற்கிறார்கள். அதில் ஐ.பி. என்ற எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் அளவு; இரண்டாவது தண்ணீரைத் தடுக்கும் அளவு. ஐ.பி. 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி. 66 என்றால் தூசி புகாது, வேகமாகப் பீய்ச்சும் நீரையும் தாங்கும். வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: பிளக் செருகியிருக்கும்போதும் மூடி மூடிக்கொள்ளுமா? சில பெட்டிகள் வெறுமையாக மூடியிருந்தால்தான் மழை தாங்கும். சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பி பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் மழைநீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். விட்ட துளைகளை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பும் பல்லியும் அங்கே குடித்தனம் நடத்தும்.

இந்த வேலையை யார் செய்வது? சக்தி ஆணையமாகிய சுருஹான்ஜாயா தெனாகாவின் சான்றிதழ் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். பல்பு மாற்றுவது நம் வேலை. கம்பி இழுப்பதும் சாக்கெட் வைப்பதும் அவர் வேலை. அவர் வந்ததும் முதலில் மின்பெட்டியில் மின்சாரத்தை நிறுத்துவார். பிறகு சோதனைக் கருவியை ஓடும் மின்சாரத்தில் வைத்துப் பார்த்து, கருவி நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அதே கருவியால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கம்பியைத் தொடுவார். சிவப்பு, கறுப்பு என்ற நிறத்தை மட்டும் நம்பமாட்டார். பழைய வீட்டில் யார் எந்த நிறத்தை எங்கே போட்டார் என்று யாருக்குத் தெரியும்? இந்த ஒழுங்கைப் பார்த்தாலே அவர் தொழில் தெரிந்தவரா என்று நாம் கண்டுகொள்ளலாம்.

தோட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வீடு நிருவாகத்துக்குச் சொந்தம். ஆகவே தோட்ட அலுவலகத்தில் கிராணியாரிடம் சொல்லி, எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுப்பதே முறை. 1990-ஆம் ஆண்டில் வந்த 446-ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்கு உரிய தண்ணீரும் மின்சாரமும் தருவதையும் கட்டடத்தைச் செப்பமாக வைத்திருப்பதையும் முதலாளியின் பொறுப்பாக்கியிருக்கிறது. ஆகவே மண்ணிணைப்பு இல்லை, கம்பி இற்றுப்போய்விட்டது என்று கேட்பது யாசகமன்று. லயனில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் வயர்மேன் ஒரே நாளில் எல்லா வீட்டையும் சோதித்துவிடலாம், செலவும் குறையும்.

வேலை முடிந்ததும் வீட்டுத் தலைவி வயர்மேனிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர்? மண்ணிணைப்பை அளந்து பார்த்தீர்களா? இந்தச் சாக்கெட்டைக் காக்கும் ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியர்? அதன் சோதனைப் பொத்தானை என் கண்முன் அழுத்திக் காட்டுவீர்களா? இதில் எதைச் செருகலாம், எதைச் செருகக்கூடாது? நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

அதன் பிறகு நம் பங்கு. மாதம் ஒருமுறை, சம்பள நாளை அடையாளமாக வைத்துக்கொண்டு, அந்தச் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்சு உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் காவலாளி உறங்கிவிட்டான். மாற்றும் வரை வெளிச் சாக்கெட்டைத் தொடாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் அது சில வேளை தானே விழும். மீண்டும் தூக்கிவிட்டால் போதும். ஆனால் திரும்பத் திரும்ப விழுந்தால், கயிற்றால் கட்டுவதும் அட்டை வைத்து நிறுத்துவதும் வேண்டாம். எங்கோ ஒழுகுகிறது என்று அது நமக்குச் சொல்கிறது. மழை வலுத்தால் வெளிப் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் சரவிளக்குத் தொங்கவிடும்போது, இணைப்புகள் ஈரப் புல்லில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால், ஓடிப்போய் அவரைப் பிடிக்காதீர்கள். பிடித்தவரையும் அது பற்றும். முதலில் மின்பெட்டியின் பெரிய சுவிட்சை நிறுத்துங்கள். அதற்கு வழியில்லையென்றால் காய்ந்த பலகையின் மேல் நின்று காய்ந்த கட்டையால் அவரை விலக்குங்கள். உடனே 999 எண்ணை அழையுங்கள். பெரிய சுவிட்சு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நேயர்களே, விளக்கைக் கழற்றி அதே கம்பியில் சாக்கெட் வைப்பதால் மிச்சமாவது ஒரு வயர்மேனின் கூலி. அந்தக் கூலிக்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டோம். தாயின் கை ஈரமாகத்தான் இருக்கும். தரையும் ஈரமாகத்தான் இருக்கும். அதை மாற்ற முடியாது. அந்த ஈரத்துக்கு ஏற்ற கம்பியையும், மண்ணிணைப்பையும், காவலையும் வைக்க நம்மால் முடியும். இன்று மாலை மின்பெட்டியைத் திறந்து அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள்.